முப்பத்து மூன்று காஜா

மெக்கானிக் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே, தையல் அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர் அவர். பெரிய பெரிய ஆபீசர்களின் வழுக்கைகளை எல்லாம் மேலே இருந்தே பார்த்துப் பழகியவர். வீட்டில் சும்மா உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவார்? முதல் மாதம் சமையலறைக் குழாயைக் கழற்றினார். இரண்டாம் மாதம் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். மூன்றாம் மாதம் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன் பேர்வழி என்று லிஃப்ட்டுக்குப் போடும் கிரீஸை அப்பிவைத்தார். அன்றைக்கு அதில் ஏறிய ஒரு வெள்ளைச் சட்டை, ஒர்க்‌ஷாப்பில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்தது போல் இறங்கியது.

"நான் என் வேலையைப் பாக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றாள் அவள்.

"எனக்குத்தான் வேலையே இல்லையே."

"அதையே பாருங்க."

தெருவில் அவளை டெய்லரம்மா என்பார்கள். மூன்றாவது மாடியில், ஜன்னலை ஒட்டிய அறையில், கறுப்பு நிறப் பழைய மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷமாகத் தைக்கிறாள். சட்டையோ கோட்டோ, அவள் வெட்டினால் உடம்பில் ஒட்டவைத்தது போல் நிற்கும். ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்கு ஆகாது. காஜா. பொத்தான் நுழைவதற்கு ஒரு கீறல், அந்தக் கீறல் பிரியாமல் இருக்க அதைச் சுற்றி நூல் வேலை. பார்க்க அரை அங்குலம்தான், போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவளுடைய மெஷின் நேர்த்தையல் மட்டும்தான் போடும். மார்க்கெட்டில் ஒரு காஜாக்காரர் இருந்தவரைக்கும் துணிகளை அவரிடம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர் மகன் வீட்டோடு போய்விட்டார். அதிலிருந்து ஒவ்வொரு காஜாவையும் கையால் போட்டுக்கொண்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, காஜாவைக் கண்டுபிடித்தவனின் ஏழு தலைமுறையையும் வாயாரத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் காதில் அது விழுந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் பழைய சாமான் விற்கும் தெருவில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் கைப்பிடி போன கத்தரிகளுக்கும் நடுவே ஒரு பச்சைத் தகரப் பெட்டியைப் பார்த்தார். திறந்தால் உள்ளே கறுப்பாக, கனமாக ஒரு சாமான். ஆமைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தால் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு குமிழ், மேலே கவட்டை மாதிரி ஒரு கை. கூடவே ஐந்தாறு தகட்டுத் துண்டுகள், அவருக்குப் புரியாத மொழியில் ஒரு சிறு புத்தகம்.

"என்னப்பா சாமான் இது?"

"தெரியாது சார். ஆனா ஒரிஜினல்" என்றார் கடைக்காரர்.

புத்தகத்தில் படம் இருந்தது. தையல் மெஷினின் படம், பக்கத்தில் ஒரு காஜாவின் படம். மெக்கானிக்குக் கை பரபரத்தது. குமிழைத் திருகிப் பார்த்தார். உள்ளே பற்சக்கரம் நகரும் சத்தம், முப்பத்து நாலு வருஷம் கேட்ட சத்தத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி கேட்டது. பேரம் பேச மறந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

டெய்லரம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "பல்லு புடுங்கற சாமானா?"

"காஜா போடற சாமான். உன் மெஷின்லயே மாட்டலாம்."

"என் மெஷின்லயா? கையை ஒடிச்சிருவேன்."

அன்று முழுக்க அவர் அதைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது போல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்காமல் மறுநாள் அவள் இறங்கிவந்தாள். மதியம் அவள் கண் அசரும் அரைமணி நேரம், பழைய துணியில் மட்டும், கிரீஸ் கூடவே கூடாது.

மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கறுப்புச் சாமானைத் திருகினார். கவட்டைக் கையை ஊசியை இறுக்கும் திருகின்மேல் கோத்தார். ஊசி ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கையும் ஏறி இறங்கி, துணியை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அதைக் காஜாவின் ஓரமாக நடத்திக்கொண்டும் போக வேண்டும். ஊசி நின்ற இடத்திலேயே குத்தும், துணிதான் ஆடும். சித்தாந்தம் எல்லாம் சரி. மிதித்ததும் துணி முன்னே போனது, பின்னே வந்தது, சுருண்டது, கிழிந்தது. அடியில் நூல் குருவிக்கூடு கட்டிவிட்டது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த டெய்லரம்மா குருவிக்கூட்டைப் பார்த்தாள். "நல்லா இருக்கு. முட்டை எப்ப வைக்கும்?"

நாலு நாள் இதே கூத்து. ஐந்தாம் நாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. டம்ளருக்கு அடியில் வைத்திருந்த தட்டையான தகடு, பெட்டியோடு வந்ததில் எதற்கும் உதவாது என்று ஒதுக்கியது, நடுவில் ஓட்டையும் ஓரத்தில் திருகுக்கு ஒரு துளையுமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மெஷினில் துணியைத் தள்ளும் பற்களை மூடுவதற்கான தகடு அது. பற்கள் ஒரு பக்கம் இழுக்க, கறுப்புச் சாமான் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் துணி கிழியாமல் என்ன செய்யும்? தகட்டை மாட்டிவிட்டு மிதித்தார். துணி வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவது போல் ஆடியபடியே ஒரு பக்கம் மேலே ஏறியது, முனையில் திரும்பியது, மறுபக்கம் இறங்கியது, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அவர் கை வைக்கவே இல்லை. இன்னொரு சுற்றும் விட்டார். சின்ன உளியால் நடுவில் ஒரு தட்டு. காஜா!

டெய்லரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலை விட்டு அகட்டிப் பார்த்தாள். நகத்தால் நோண்டிப் பார்த்தாள். ஒன்றும் பிரியவில்லை.

"பரவாயில்லை" என்றாள். அவள் வாயில் அது பெரிய வார்த்தை.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கைக்குட்டையில் காஜா, தலையணை உறையில் காஜா, திரைச்சீலையில் வரிசையாகப் பதினெட்டு காஜா. ஒருநாள் குளித்துவிட்டுத் துண்டை உதறிய டெய்லரம்மா, எதிர்ச் சுவரை அதன் வழியாகவே பார்த்தாள். அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இனி வீட்டுத் துணியைத் தொடக்கூடாது, வேண்டுமானால் வாடிக்கைக்காரர் சட்டைகளுக்குக் காஜா போடலாம். அவள் சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்த இடத்தில் மட்டும். இப்படி இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் போனது.

அப்போதுதான் தலைவர் வந்தார்.

தலைவர் என்பது டெய்லரம்மாவின் தம்பி. பிறந்ததிலிருந்தே ஏதாவது ஒன்றுக்குத் தலைவராக இருந்துவருகிறார். இப்போது நடைப்பயிற்சிச் சங்கத்துக்கு. தினமும் காலையில் மைதானத்துக்குக் காரில் வருவார், மற்றவர்கள் நடப்பதைப் பார்ப்பார், காரில் திரும்பிப் போவார். சங்கத்தின் ஆண்டு விழா நாலு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை. செயற்குழுவில் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி நீலக் கோட்டு வேண்டும்.

"நடக்கறதுக்கு எதுக்குடா கோட்டு?" என்றாள் அக்கா.

"மேடைக்கு அக்கா. ஒரு கெத்து வேணாமா? நீ வீட்ல சும்மாதானே இருக்கே, பொழுதுபோக்கா தைச்சுக் குடுத்துரு."

டெய்லரம்மா அளவு நாடாவை எடுத்தாள். அந்தச் சும்மாதானே மெக்கானிக்குக்குத்தான் சுருக்கென்றது. அவரே மூன்று மாதம் சும்மா இருந்து பார்த்தவர், அதன் கஷ்டம் தெரியும். இவள் ஒருநாள்கூடச் சும்மா இருந்ததில்லை.

மூன்று வாரத்தில் பத்து ஆண்கள் கோட்டும், பொருளாளராக இருந்த ஓய்வு பெற்ற நர்சம்மாவுக்கு ஒரு கோட்டும் தயாராகின. பாக்கி இருந்தது காஜாவும் பொத்தானும் மட்டும்தான். கோட்டுக்கு மூன்று வீதம் முப்பத்து மூன்று காஜா. விழாவுக்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமை மகளிடமிருந்து போன் வந்தது. படியில் கால் பிசகி வீங்கியிருக்கிறதாம், இரண்டு நாள் வந்து இருக்க முடியுமா என்று. டெய்லரம்மா அவசர அவசரமாகக் கிளம்பினாள். சாக்கட்டிக் கோடு போட நேரமில்லை. படி இறங்கிக்கொண்டே கத்தினாள்.

"முதல் காஜா காலர் மடிப்பு முடியற எடத்துல! அதுக்குக் கீழ நாலு நாலு அங்குலம்! நர்சம்மா கோட்டுக்கு வலது பக்கம், மத்ததுக்கெல்லாம் இடது பக்கம்!"

"தெரியும் போ!"

அவருக்கு உண்மையிலேயே தெரியும். இடது என்றால் இடது. கோட்டை மேஜைமேல் நிமிர்த்திப் படுக்கவைத்தார். தன் இடது கைப்பக்கம் இருந்த முன்பாகத்தில் அளவெடுத்துக் கோடு போட்டார். எதிரே படுத்திருப்பது கோட்டு, அதற்கும் ஒரு இடது உண்டு, அது தனக்கு வலப்பக்கமாக இருக்கும் என்பது மட்டும் அவர் நினைவுக்கு வரவே இல்லை. வியாழக்கிழமை முழுக்க மெஷின் டகடகவென்று ஓடியது. ஒவ்வொரு காஜாவுக்கும் இரண்டு சுற்று. நர்சம்மாவின் கோட்டு கடைசியாகத்தான் கைக்கு வந்தது. அதற்குள் அலுத்துப்போய், பத்தையும் ஒரே மாதிரிதானே போட்டோம், இதற்கு மட்டும் எதற்கு மாற்ற வேண்டும் என்று அதையும் அதே பக்கம் போட்டார். பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்து முப்பத்து மூன்றையும் திறந்தார். ஒன்றுகூடப் பிசிறவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மதியம் திரும்பி வந்த டெய்லரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் முதல் கோட்டை எடுத்து மார்பில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் இரண்டாவதை. பதினொன்றையும் பார்த்து முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன, எப்படி?" என்றார் மெக்கானிக்.

"இந்தக் கோட்டைப் போடுங்க."

போட்டார். பொத்தான் மாட்டுவது போல் கையைக் கொண்டுபோனார். கை ஒரு பக்கம் போனது, காஜா மறுபக்கம் இருந்தது. அவர் முகத்திலிருந்து ரத்தம் எல்லாம் இறங்கி எங்கோ தரைத்தளத்துக்குப் போய்விட்டது.

"பத்து ஆம்பளைங்களுக்கும் பொம்பளை கோட்டு" என்றாள் அவள். "நர்சம்மாவோடது மட்டும் சரி."

"அடைச்சுட்டு மாத்திப் போட்டா?"

"உளியால வெட்டியாச்சு. அடைச்சா தழும்பு தெரியும். முன்பாகத்தையே மாத்தணும். நாலு கோட்டுக்குத்தான் துணி மிச்சம் இருக்கு."

மெக்கானிக் கோட்டைக் கழற்றி மடித்துவைத்தார். மடிப்பு கோணிக்கொண்டது, பிரித்து மறுபடி மடித்தார். ஒரு தடவை பத்தாவது மாடியில் லிஃப்ட்டை நிறுத்திவிட்டுச் சாவியைக் கீழே போட்டிருக்கிறார். அன்றைக்குக்கூட இவ்வளவு பதறவில்லை. "என் தப்பு. உன் தம்பிகிட்ட நானே சொல்லிடறேன்."

அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "அவன் சாயங்காலம் வருவான். சொல்லிட்டு, ரெண்டு வாரம் டைம் கேப்போம். துணி வாங்கி மாத்திக் குடுத்துரலாம். என் கையால போன துணி இப்படிப் போகக்கூடாது" என்றாள்.

தலைவர் சாயங்காலம் வந்தார். உட்காரவில்லை. மெக்கானிக் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தலைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து நீட்டினார்.

"அக்கா, கோட்டுக்கு உள்ள இதைத் தைச்சுரு. பதினொண்ணு இருக்கு."

உறைக்குள் பளபளவென்று துணிச் சீட்டுகள். தங்க நூலில் ஏதோ அயல்நாட்டுக் கம்பெனியின் பெயர், சிங்கம் ஒன்று, கிரீடம் ஒன்று.

"என்னடா இது?"

"லேபிள். கோட்டெல்லாம் வெளிநாட்டுல ஆர்டர் குடுத்துத் தைச்சதுன்னு கமிட்டியில சொல்லிட்டேன். அக்கா வீட்ல தைச்சதுன்னா எவன் மதிப்பான்? நீ விழாவுக்கு வந்தாக்கூட யாராவது கேட்டா ஒண்ணும் சொல்லிக்காத, என்ன? அத்தான், நீங்களும்தான்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் அந்தச் சிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் மூன்று நாள் ஓட்டலில் சாப்பிட்டார்.

"சரிடா. தைச்சு வைக்கறேன். நாளைக்கு ஆளனுப்பு" என்றாள்.

கதவு சாத்தியதும் மெக்கானிக் பதறினார். "சொல்லலையே!"

"என்னத்தைச் சொல்றது? கோட்டு நம்மளுது இல்லையே. சிங்கத்தோடது." ஊசியில் நூலைக் கோத்தாள். "பொத்தானை எடுங்க. காஜாவுக்கு எதிர்ப் பக்கத்துல தைச்சுடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மைதானத்தில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில், தடுப்புத் துணிக்குப் பின்னால் செயற்குழு உடை மாற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முனகல் கேட்டது. பிறகு "யோவ், பிடிங்கய்யா" என்று ஒரு குரல். விழா இருபது நிமிடம் தாமதமானது. வெளியே வந்தபோது நர்சம்மா ஒருத்திதான் மூன்று பொத்தானும் மாட்டி ஜம்மென்று வந்தாள். உதவித் தலைவருக்கு இரண்டு, செயலாளருக்கு ஒன்று. தலைவர் தன் கோட்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, வயிற்றுவலிக்காரர் போல் மேடையேறினார்.

உதவித் தலைவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். மெதுவாகப் பேசத் தெரியாத தொண்டை. மைக்கும் திறந்திருந்தது.

"தலைவரே, இது லேடீஸ் கோட்டு மாதிரியில்ல இருக்கு? என் வீட்டம்மா சட்டையிலதான் பொத்தான் இப்படி வரும்."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மெக்கானிக் எழுந்துவிட்டார். போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்தார். டெய்லரம்மா அவர் தொடையைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். உட்கார்ந்தார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். மைக்கைப் பிடித்தால் அவருக்கு எதுவும் வரும். "அன்பர்களே, இதுதான் ஒரிஜினல் ஃபாரின் கட்! அங்கே இப்போது எல்லாப் பெரிய மனிதர்களும் இந்தப் பக்கம்தான் பொத்தான் போடுகிறார்கள். நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்."

கூட்டம் கைதட்டியது. பி.டி. மாஸ்டர் மூன்றாவது பொத்தானையும் மாட்ட முயற்சி செய்தார்.

அன்று மாலை தலைவர் மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார். சங்கத்தில் சேர்ந்த பிறகு அவர் செய்த முதல் உடற்பயிற்சி அதுதான்.

"அக்கா, என் மானமே போச்சு! என்ன வேலை பண்ணி வச்சிருக்கே?"

"தப்பு என்மேல, மாப்ளே. காஜா போட்டது நான்தான்" என்றார் மெக்கானிக். சொல்லி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

"நீங்க சும்மா இருங்க" என்று டெய்லரம்மா அவரை நிறுத்தினாள். தம்பியைப் பார்த்தாள். "இவரு அன்னைக்கே சொல்ல வந்தாரு. நீ சிங்கத்தை நீட்டின. என் பேருல போற துணின்னா, தலையை அடகு வச்சாவது சரி பண்ணிக் குடுத்திருப்பேன். இது அந்தக் கம்பெனி துணி. அங்கேயே போய்க் கேளு."

"அக்கா, கமிட்டியில ஆளாளுக்குக் கம்பெனி அட்ரஸ் கேக்கறாங்க. ஒருத்தர் அங்க இருக்கற மகனை விட்டே விசாரிக்கறேங்கறார்..."

"விசாரிக்கட்டுமே. நல்லதுதான்."

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவராக இல்லாமல் அவர் உட்கார்ந்து மெக்கானிக் பார்த்ததே இல்லை. கால்சட்டை முட்டி இரண்டும் புடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்த பையன் போல் இருந்தார். "என்ன பண்ணணும்ங்கறே?"

"உன் வாயாலயே யார் தைச்சதுன்னு சொல்லு. மாத்தித் தர்றேன்."

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் தலைவர் சொல்லத்தான் செய்தார். நாற்பது நிமிடம் சொன்னார். உள்ளூர்த் திறமைக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தில், விளம்பரம் தேடாமல், ரகசியமாகத் தாம் ஒரு சோதனை நடத்தியதாகவும், வெளிநாட்டுச் சரக்கு என்று சொன்னதும் மக்கள் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள் என்று காட்டவே அந்த லேபிளை வைத்ததாகவும், அதற்குத் தம் அக்காவும் அத்தானும் மனமுவந்து ஒத்துழைத்ததாகவும் சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவரை மறுபடி தலைவராக்க வேண்டும் என்று செயலாளர் முன்மொழிந்தார்.

"பாவி" என்றாள் டெய்லரம்மா. ஆனால் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

கூட்டம் கலைந்ததும் நர்சம்மா அவர்களிடம் வந்தாள். தன் கோட்டின் காஜாவை விரலால் தடவிக் காட்டினாள். "நான் முப்பது வருஷம் தையல் போட்டவ. வேற மாதிரித் தையல்தான், ஆனாலும் பாத்தா தெரியும். இது யார் கை?"

"கோட்டு நான் தைச்சது" என்றாள் டெய்லரம்மா. கட்டை விரலால் பக்கத்தில் காட்டினாள். "காஜா மாஸ்டர் இவரு."

மெக்கானிக் மைதானத்தின் கடைசியில் இருந்த மரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு, அதை அப்போதுதான் முதல்தடவை பார்ப்பவர் போல் நின்றார்.

"முப்பது காஜா பாக்கி இருக்கு. வாங்க" என்று நடந்தாள் அவள். அவர் பின்னாலேயே போனார்.